கரி போனது கீழே. விரிசல் விட்டது மேலே

தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் எக்ஸ்பிரஸ் வண்டியைக் கிழக்கே வேலை பார்க்கும் நம்மவர்களில் பலர் அறிவார்கள். காட்பாடி, சேலம், ஈரோடு, கோவை என்று ஊர் போய்ச் சேர வசதியான வண்டி. தன்பாத்தை விட்டுக் கிளம்பியதும் கத்ராஸ்கட், சந்திரபுரா வழியாகப் பொகாரோ நோக்கிச் செல்வது அதன் பாதை.

2017 ஜூன் 15ஆம் தேதி, சுமார் 34 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த தன்பாத் - சந்திரபுரா பாதை மூடப்பட்டது. வெள்ளம் இல்லை, வேலைநிறுத்தம் இல்லை, தண்டவாளத்திலும் பழுது இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் உள்ள பூமியை நம்ப முடியாது என்பதுதான் காரணம். பல வண்டிகள் வேறு வழியில் திருப்பி விடப்பட்டன, சில ரத்தாயின. கத்ராஸ் மக்கள் வண்டி கேட்டுப் போராடினார்கள். 2019 பிப்ரவரியில்தான் பயணிகள் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது.

ரயில் பாதைக்கே இந்தக் கதி என்றால், அதே பூமியின் மேல் நாலு சுவர் எழுப்பிக் குடியிருப்பவர்கள் கதி என்ன?

தூண் விட்டுத் தோண்டும் முறை

நிலக்கரி என்றதும் நம்மவர்களுக்கு நெய்வேலி நினைவுக்கு வரும். அங்கே மேல் மண்ணை யந்திரங்களால் அகற்றிவிட்டுத் திறந்த வெளியில் பழுப்பு நிலக்கரி எடுக்கிறார்கள். பள்ளம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தன்பாத், ஜரியா, ராணிகஞ்ச் வட்டாரத்தில் நிலைமை வேறு. இன்று அங்கும் திறந்தவெளிச் சுரங்கங்கள் பெருகிவிட்டன. ஆனால் பல தலைமுறைகளாகக் கரி எடுத்தது பூமிக்குள் இறங்கித்தான். ராணிகஞ்சில் 1774இலேயே சுரங்க வேலை தொடங்கிவிட்டது. ஜரியாவில் ரயில் வந்த 1890களில் தொழில் சூடு பிடித்தது.

பூமிக்குள் கரி, பாறைகளுக்கு நடுவே பாய் விரித்தாற்போல் படுகை படுகையாக இருக்கிறது. அதில் குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள் வெட்டுவது போல் வெட்டிச் செல்வார்கள். நடுவே சதுரம் சதுரமாகக் கரியையே தூணாக விட்டுவைப்பார்கள். மேல் பாறையைத் தாங்குவது அந்தத் தூண்கள்தான். பிறகு ஒரு நாள், பின்வாங்கிக்கொண்டே வந்து, தூண்களையும் எடுப்பார்கள். தாங்க ஆள் இல்லாத கூரை இறங்கும்.

அப்படி இறங்காமல் இருக்க ஒரு வழி உண்டு. கரி எடுத்த இடத்தை மணலால் நிரப்ப வேண்டும். தாமோதர் ஆற்று மணலைத் தண்ணீரில் கலந்து குழாய் வழியே கீழே அனுப்பினால், தண்ணீர் வடிந்து மணல் கெட்டிப்படும். இதற்காக 1939லேயே சட்டம் வந்தது. கரி மீது தீர்வையும் போட்டார்கள். ஆனால் மணல் நிரப்புவது செலவு. கரி எடுப்பது வரவு. பழைய தனியார் முதலாளிகள் பலர் தூண்களை மெலிய விட்டார்கள். நிரப்ப வேண்டியதை நிரப்பாமல் போனார்கள். கோக்கிங் கரிச் சுரங்கங்கள் 1972லும் மற்றவை 1973லும் தேசிய உடைமையாயின. முதலாளிகள் விட்டுச்சென்ற வெற்றிடமும் அவற்றோடு சேர்ந்து வந்தது.

'கோஃப்' என்ற சொல்

கரி எடுத்த பின் பூமிக்குள் மிஞ்சும் வெற்றிடத்தைச் சுரங்க ஆங்கிலத்தில் 'கோஃப்' என்பார்கள். இன்று தன்பாத் கடைத்தெருவில் அந்தச் சொல்லுக்குப் பொருள் மாறிவிட்டது. வீட்டு முற்றத்திலோ சாலையிலோ திடீரென வாய் பிளக்கும் குழிக்கும் அதுதான் பெயர். கீழே இருந்தது மேலே வந்தபோது சொல்லும் கூடவே வந்துவிட்டது.

சுரங்கம் ஆழத்தில் இருந்தால், மேலே நிலம் அகலமான தட்டுப்போல மெதுவாகத் தாழும். தட்டின் நடுவில் உள்ள வீடு சில சமயம் தப்பிவிடும். ஓரத்தில் உள்ள வீடுதான் இழுபட்டு விரியும். சுரங்கம் மேலாக இருந்தால் எச்சரிக்கையே இருக்காது. கூரைப் பாறை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, கடைசியில் கிணறு போலப் பொத்துக்கொள்ளும். 2017 மே மாதம் ஜரியா நகருக்குள்ளேயே ஒரு தந்தையும் அவருடைய சின்ன மகனும் இப்படித் திறந்த குழியில் மறைந்தார்கள்.

இதோடு நெருப்பும் சேர்ந்துகொள்கிறது. ஜரியா நிலக்கரி வயலில் முதல் நெருப்பு 1916இல் கண்டறியப்பட்டது. விட்டுவைத்த கரி, காற்றுப் பட்டால் தானே சூடேறிக் கனலும். நிலம் தாழ்ந்தால் விரிசல்; விரிசல் வழியே காற்று; காற்றால் நெருப்பு; நெருப்பால் தூண்கள் சாம்பல்; மறுபடி நிலம் தாழும். தன்பாத்திலிருந்து ஜரியா வழியாகப் பாதர்டீ சென்ற பழைய ரயில் பாதை, சந்திரபுரா பாதைக்கு முன்பே இந்த நெருப்பால் கைவிடப்பட்டது. நெருப்பு எரியும் இடங்கள் 77லிருந்து 27ஆகக் குறைந்துவிட்டதாக அரசு சொல்கிறது. அது நல்ல செய்திதான். ஆனால் நெருப்பு அணைந்தாலும் அது தின்ற இடம் காலியாகத்தான் கிடக்கும்.

பட்டா இல்லாதவர்கள்

இந்த மக்களை வேறிடம் குடியேற்ற 2009இல் மத்திய அரசு ஒரு பெருந்திட்டத்தை அங்கீகரித்தது. ஜரியாவுக்கு மட்டும் 7,112 கோடி ரூபாய். ஜரியாவிலிருந்து தள்ளி பெல்கரியாவில் அடுக்கு வீடுகள் எழுந்தன. போனவர்கள் வீடு சிறிது என்றார்கள். அதைவிட, பிழைப்பு இல்லை என்றார்கள். கரி சுமந்தும் கடை வைத்தும் வாழ்ந்தவர்களுக்கு வேலை இருக்கும் இடம் ஜரியாதான். திட்டத்தின் காலம் முடிந்தபோதும் பெரும்பாலோர் இடம் மாறவில்லை.

2019 கணக்கெடுப்பின்படி அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். இவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிலத்துக்குப் பட்டா இல்லாதவர்கள். பிழைக்க வந்து, இடம் கிடைத்த இடத்தில் குடிசை போட்டவர்கள். எந்த ஊரில் பிழைக்கப் போனவர்களுக்கும் இது புரியும். 2025 ஜூனில் 5,940 கோடி ரூபாயில் திருத்திய திட்டம் வந்தது. பட்டா உள்ளவர், இல்லாதவர் இருவருக்குமே ஒரு லட்சம் ரூபாய் பிழைப்பு உதவியும், மூன்று லட்சம் வரை கடன் வசதியும் உண்டு என்கிறது. வீட்டோடு பிழைப்பையும் கணக்கில் எடுத்தது நல்ல மாற்றம். அது கைக்கு வந்து சேர வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

நிலக்கரி வட்டாரத்தில் வாடகைக்கோ சொந்தமாகவோ வீடு பார்க்கும் அன்பர்கள் சிலவற்றை மனதில் வைப்பது நல்லது. நேற்று வரை சரியாக மூடிய கதவு இன்று சட்டத்தில் இடித்தால், சுவரில் படிக்கட்டுப் போல விரிசல் ஓடினால், கிணற்றுத் தண்ணீர் திடீரென வற்றினால், மழைக்குப் பின் தரையிலிருந்து ஆவியோ புகையோ வந்தால், சிமெண்டு பூசி மறைக்கக் கூடாது. முதலில் குடும்பத்தை வெளியேற்ற வேண்டும். பிறகு சுரங்க அலுவலகத்துக்கும் வட்டார அதிகாரிக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

ரேஷன் கார்டு, வாடகை ரசீது, மின்சார பில், வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் ஒரே விலாசம் இருக்கட்டும். வீடு போன பிறகு, அங்கே வீடு இருந்தது என்று சொல்ல அந்தக் காகிதங்கள்தான் மிஞ்சும்.

ரயில் பாதை, பொதுக் கட்டடம் இவற்றிலிருந்து 45 மீட்டருக்குள் அனுமதி இல்லாமல் கரி எடுக்கக் கூடாது என்று சுரங்க விதி இருக்கிறது. அந்த விதி இருந்தும் சந்திரபுரா பாதை இருபது மாதம் மூடிக் கிடந்தது. பழைய சுரங்கத்தில் யார் எவ்வளவு எடுத்தார்கள், எவ்வளவு நிரப்பினார்கள் என்ற வரைபடம், மேலே குடியிருப்பவன் கேட்டால் காட்டப்பட வேண்டும். கரியை டன் கணக்கில் எழுதி வைத்தார்கள். மணலுக்கும் அப்படி ஒரு கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால், பல வீடுகள் இன்றும் நின்றுகொண்டிருக்கும்.