வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

மனை வாங்கப் போகிறவர் பட்டா பார்ப்பார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். டிடிசிபி அப்ரூவல் உண்டா என்று கேட்பார், வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டுவார். அந்த மனைக்குக் கீழே இருப்பது களிமண்ணா, ஆற்று மணலா, தூர்த்த குட்டையா என்பதை விசாரிப்பவர் மிகக் குறைவு. அந்தக் கேள்வி பெரும்பாலும் அஸ்திவாரம் தோண்டும்போதுதான் எழுகிறது. அதற்குள் பணம் கைமாறி, சாலை போட்டு, பக்கத்து மனைகளும் விற்றுப்போயிருக்கும். அந்தக் கட்டத்தில் எடுக்கும் சாயில் டெஸ்ட், கம்பி எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்றுதான் சொல்லும். அந்த இடத்தில் ஊரே வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடையாது. நிலத்தின் ஆபத்தை லேஅவுட் வரைவதற்கும் முன்னால், வயலையோ சதுப்பையோ ‘குடியிருப்புப் பகுதி’ என்று வகை மாற்றும்போதே அளந்தாக வேண்டும். தாமதமாக அளந்தால் என்ன நேரும் என்பதற்கு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரம் சாட்சி.

அந்த ஊர் தென்தீவின் கிழக்குக் கரையில், ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் படிந்த சமவெளியில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் சதுப்பை வடித்துத்தான் பெரும்பகுதியைக் கட்டினார்கள். நகரின் கிழக்கே பல இடங்களில் ஓரிரு மீட்டர் ஆழத்திலேயே நிலத்தடி நீர். மெரினாவில் அலை திரும்பிப் போன ஈர மணலில் நின்று காலை அசைத்துப் பாருங்கள்; கெட்டியாக இருந்த மணல் குழைந்து பாதம் இறங்கும். நிலநடுக்கம் இதையே பத்து மீட்டர் ஆழத்துக்குச் செய்கிறது. தளர்வான மணல் குலுங்கும்போது நெருங்கிப் படியப் பார்க்கிறது. இடையிலுள்ள நீருக்கு வெளியேற வழியில்லை. நீரின் அழுத்தம் ஏறி, மணல் துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் பிடி விட்டுப்போகிறது. மேலே நிற்கும் வீடு அமிழ்கிறது, மண்ணுக்குள் இருக்கும் காலிக் குழாயும் மேன்ஹோலும் மிதந்து மேலே வருகின்றன, ஆற்றங்கரை ஆற்றை நோக்கி நகர்ந்து பிளக்கிறது. ‘லிக்விஃபாக்ஷன்’ என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்.

இது தெரியாத சங்கதி அல்ல. 1991-லேயே மண் பொறியாளர்கள் கிறைஸ்ட்சர்ச்சின் நிலநடுக்க ஆபத்தை விரிவாக மதிப்பிட்டு எழுதியிருந்தார்கள். பிறகு லிக்விஃபாக்ஷன் வரைபடங்களும் வந்தன. ஆனால் மனைப்பிரிவுக்கு அனுமதி மறுக்க அந்நாட்டு வள மேலாண்மைச் சட்டத்தின் 106-வது பிரிவு சொன்ன இயற்கை ஆபத்துகள் அரிப்பு, மேலிருந்து விழும் இடிபாடு, நிலம் உள்வாங்குதல், சரிவு, வெள்ளம் ஆகியவை மட்டுமே. நிலநடுக்கம் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. அறிக்கைகள் அலமாரியில் இருக்க, சதுப்பை ஒட்டிய பெக்ஸ்லி போன்ற பகுதிகளில் புது வீடுகள் எழுந்தன. 2010 செப்டம்பர் 4-ல் முதல் பெரிய அதிர்ச்சி வந்தது. 2011 பிப்ரவரி 22-ல் வந்தது அளவில் சிறியது, ஆனால் நகரத்துக்கு மிக அருகில். 185 பேர் இறந்தார்கள். பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் நகர மையத்தில் இடிந்த கட்டடங்கள். கிழக்கில் மண் வேறு விதமாகக் கணக்குத் தீர்த்தது: வீதிகளிலும் வரவேற்பறைகளிலும் சாம்பல் நிறச் சேறு பீறிட்டது, வாரிக் கொட்டிய இடத்திலேயே அடுத்தடுத்த அதிர்ச்சிகளில் மறுபடியும் பீறிட்டது. கடைசியில் சுமார் 8,000 மனைகளை அரசு ‘சிவப்பு மண்டலம்’ என்று அறிவித்து, 2007-ம் ஆண்டின் வரி மதிப்பீட்டை அடிப்படையாக வைத்து வாங்கிக்கொள்ள முன்வந்தது. வீடுகளை இடித்து, பேட்டைகளையே காலி செய்தார்கள்.

நிலநடுக்கத்தை யாரால் முன்கூட்டிச் சொல்ல முடியும், பிறகு இந்த மதிப்பீடெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியின் முதல் பாதி சரி. 2010-ல் நழுவிய கிரீன்டேல் பிளவு, சரளைப் படிவுக்கு அடியில் மறைந்து கிடந்தது. அதற்கு முன் அது யாருக்கும் தெரியாது. ஆனால் எந்தப் பிளவு நழுவினாலும், எந்தத் திசையிலிருந்து அதிர்ச்சி வந்தாலும், நீரில் ஊறிய தளர்ந்த மணல் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். எப்போது குலுங்கும் என்பது தெரியாமலேயே, குலுங்கினால் எது நிற்கும், எது அமிழும் என்று சொல்லிவிடலாம். ஆபத்து மதிப்பீட்டை ஜோசியமாக எண்ணுவதால்தான் இந்தக் குழப்பம்.

இதைவிட வலுவான ஆட்சேபம் பொறியாளர்களிடமிருந்தே வரும்: மோசமான மண்ணையும் இறுக்கலாம், ஆழமாகப் பைல் இறக்கலாம். ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கு அது பொருந்தும், செலவைச் சுமக்க ஆளும் உண்டு. ஒரு பேட்டை என்பது வீடுகள் மட்டுமல்லவே. பைல் மேல் நிற்கும் வீடு தப்பிக்கும். அதன் சாக்கடைக் குழாய் வாட்டம் மாறி எதிர்த்திசையில் ஓடும், சாலை பாளம் பாளமாக வெடிக்கும். ஓர் ஆபத்து இன்னொன்றுக்கு வழியும் விடும். கிறைஸ்ட்சர்ச்சில் தரை தாழ்ந்துபோன பகுதிகளை 2014 மார்ச்சில் பெய்த மழை மூழ்கடித்தது. எனவே நிலநடுக்கத்துக்கு ஓர் அறிக்கை, வெள்ளத்துக்கு ஓர் அறிக்கை என்று தனித்தனியாகக் கோப்பில் கட்டிவைத்தால் பாதி ஆபத்து கண்ணில் படாது. மனை விற்பவரே தன் எல்லைக்குள் நாலு துளை போட்டுத் தரும் அறிக்கையும் போதாது. பழைய ஆற்றுத் தடம் சர்வே கல்லோடு நின்றுவிடுவதில்லை.

செலவுதான் கடைசி முட்டுக்கட்டை. நிலநடுக்கத்துக்குப் பிறகு கிறைஸ்ட்சர்ச்சில் அதிகம் பயன்படுத்திய கருவியைப் பாருங்கள்: ரூபாய் நாணயத்தைவிட அகலமான, கூர்முனை கொண்ட இரும்புத் தண்டு. அதை நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் மண்ணுக்குள் அழுத்துகிறார்கள். முனையில் மண் தரும் எதிர்ப்பு, பக்கவாட்டு உராய்வு, நீரழுத்தம் மூன்றும் ஆழத்துக்கு ஆழம் பதிவாகும். இப்படிப் பல ஆயிரம் இடங்களில் எடுத்த அளவுகளை, பொறியாளர்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரே தரவுத்தளத்தில் சேர்த்தார்கள். எட்டாயிரம் மனைகளை வாங்கி இடிப்பதன் பக்கத்தில் வைத்தால் இந்தச் செலவு ஒரு பொருட்டே அல்ல. முன்னேற்பாடு பலிக்கும் என்பதற்கும் அந்த ஊரே ஆதாரம்: மின்விநியோக நிறுவனமான ஓரியன், நிலநடுக்கத்துக்கு முன்பே சுமார் 60 லட்சம் நியூசிலாந்து டாலர் செலவிட்டுத் துணைமின்நிலையங்களைப் பலப்படுத்தி, அதைப்போல் பல மடங்கு இழப்பைத் தவிர்த்தது. நிலத்தை ஆபத்தானது என்று அறிவித்தால் விலை சரியுமே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் அறிவிக்காவிட்டால் அந்த நஷ்டம் மறைவதில்லை, அடுத்து வாங்குபவர் தலையில் விழுகிறது; அவர் பெரும்பாலும் கடன் வாங்கி முதல் வீடு கட்டுபவர். 2017-ல் நியூசிலாந்து அந்த 106-வது பிரிவைத் திருத்தி, எந்த இயற்கைச் சீற்றத்தால் பெரிய ஆபத்து இருந்தாலும் மனைப்பிரிவை மறுக்கலாம் என்று ஆக்கியது.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்திய நிலநடுக்கத் தரவிதி 2002-ல் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றுக்கு உயர்த்தியது. கிறைஸ்ட்சர்ச் அளவுக்கு இங்கே குலுங்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கடலோர மணல், மேலேயே நிற்கும் நீர், தூர்த்த ஏரி, பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம் எல்லாம் இங்கும் உண்டு. அவை நிலநடுக்கத்துக்குக் காத்திராமல் வெள்ளத்திலேயே தம்மைக் காட்டிக்கொள்கின்றன. மெட்ரோ சுரங்கத்துக்கும் மேம்பாலங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போட்ட துளைகளின் விவரங்கள் அந்தந்த அலுவலகக் கோப்புகளில் ஏற்கெனவே இருக்கும். அவற்றை ஒரே வரைபடத்தில் ஏற்றி, அதைப் பார்க்காமல் நிலவகை மாற்றம் கிடையாது என்று விதி செய்வதற்குப் புதிதாக ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை.