காலில் விழுவதற்கு முன் காகிதத்தைக் கேளுங்கள்

கல்லூரி ஒழுங்கு நடவடிக்கையில் சிக்கிய பிள்ளைக்கு வீட்டார் எப்படித் துணை நிற்பது?

அபிராமி பட்டர் கதை தெரியாத பிள்ளை திருக்கடையூரில் இருக்க முடியாது. தை அமாவாசையன்று சன்னதிக்கு வந்த சரபோஜி மன்னர், “இன்று என்ன திதி?” என்று கேட்டார். தியானத்தில் தோய்ந்திருந்த பட்டர், “பௌர்ணமி” என்றார். நிலவு வராவிட்டால் தண்டனை என்று முடிவாயிற்று. அப்போது பட்டர் பாடிய அபிராமி அந்தாதியின் 79-ஆம் பாடலில் வானில் நிலவு வந்தது என்பது ஐதிகம். பக்தியைச் சற்றே ஒதுக்கி, வழக்காக மட்டும் பாருங்கள். ஒரே கேள்வி, ஒரே பதில், கையோடு தீர்ப்பு. எந்த நிலையில் அப்படிச் சொன்னார் என்று யாரும் விசாரிக்கவில்லை.

அந்த மன்னர் 1712 முதல் 1728 வரை தஞ்சையை ஆண்ட முதலாம் சரபோஜி என்பார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக வழக்கு நடந்தது. ரிச்சர்ட் பென்ட்லி என்ற அறிஞரின் பட்டங்களை, அவரை அழைத்துக் கேட்காமலே கேம்பிரிட்ஜ் பறித்திருந்தது. 1723-ஆம் ஆண்டு வழக்கு என்று சட்ட நூல்கள் குறிப்பிடும் அதில், ஆதாமைக்கூடக் கடவுள் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் தண்டித்தார் என்று ஒரு நீதிபதி நினைவூட்டினார். பட்டங்கள் திரும்பக் கிடைத்தன.

நம் நாட்டில் இதே நியாயத்தை உச்ச நீதிமன்றம் 1962-ல் சொன்னது. உத்தரப் பிரதேசத்தில் 1954-ஆம் ஆண்டு இன்டர்மீடியட் தேர்வில் தேறிய மூன்று மாணவர்களின் முடிவுகளை, முறைகேடு என்று சொல்லித் தேர்வு வாரியம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டுத் தேர்வு எழுதவும் தடை. அவர்களிடம் ஒரு வார்த்தை விளக்கம் கேட்கவில்லை. அந்த உத்தரவு செல்லாது என்றாகிவிட்டது.

போன் வந்த மறுநாள்

சட்டம் இப்படியிருக்க, நம் ஊரில் நடப்பது வேறு. செமஸ்டர் தேர்வு நடக்கும் நவம்பர், டிசம்பரில்தான் சம்பா வயலில் மழைத் தண்ணீரை வடியவைக்க அப்பா மண்வெட்டியோடு நிற்பார். “பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க” என்று பிள்ளையிடமிருந்து போன் வரும். மறுநாள் காலை வெள்ளை வேட்டி, கூடவே ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர். துறைத்தலைவர் அறைக்குள் நுழைந்ததும், “புள்ள தெரியாமப் பண்ணிட்டான் சார், இந்த ஒரு தடவ மன்னிச்சுடுங்க” என்பார்.

விசாரணை அங்கேயே முடிந்துவிட்டது. குற்றச்சாட்டைப் படிக்காமலே அப்பா அதை ஒப்புக்கொண்டுவிட்டார்.

பிள்ளையும் அதையேதான் செய்திருப்பான். ‘பிட்’ பிடிபட்டால் விடைத்தாளையும் ஹால் டிக்கெட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளில் எழுதித் தரச் சொல்வார்கள். பதற்றத்தில், “இனிமேல் இதுபோல் செய்ய மாட்டேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான். எது போல் என்று அதில் இருக்காது. தாள் எங்கே கிடந்தது, யார் கையெழுத்து, அதைப் பார்த்து எழுதினானா என்பதும் இருக்காது. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் நடந்ததை மட்டும் எழுத வேண்டும்.

ஆகவே வீட்டார் முதலில் கேட்க வேண்டியது மன்னிப்பு அல்ல, குற்றச்சாட்டின் நகல். எந்த நாள், என்ன செயல், எந்த விதி என்று எழுத்தில் வேண்டும். ஆதாரம் என்ன, பதில் தர எத்தனை நாள், விசாரிப்பவர் யார், புகார் கொடுத்தவரே விசாரணைக் குழுவில் உட்கார்ந்திருக்கிறாரா என்பதையும் மரியாதையாகவே கேட்கலாம். விளக்கம் கேட்கும் ஷோகாஸ் நோட்டீஸ் கைக்கு வந்தால் தேதி போட்டுப் பெற்றுக்கொண்டு, பதிலின் நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைக்க வேண்டும்.

அதன் பிறகு ஒரு மாலைப் பொழுது பிள்ளையோடு உட்காருங்கள். திட்டாமல், நடந்ததை மணி வாரியாகச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்திகள், வருகைப் பதிவு, மருத்துவச் சீட்டு எல்லாம் சேரட்டும். விசாரணை அறைக்குள் உங்களை விடாமலும் போகலாம். வெளியே காத்திருந்து, அவன் வந்ததும் என்ன கேட்டார்கள், என்ன சொன்னான் என்பதை மறப்பதற்குள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் இரவில் அவனைத் தனியே விட வேண்டாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது.

தப்பு உண்மையாகவே இருந்தால்?

கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரம். 1996-ல் அங்கே மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டுக்கு ராகிங் தடைச் சட்டம் வந்தது. பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் ஒரு வீடு இருக்கிறது. புகார் கொடுத்தவரைத் தேடிப் போய்ச் சமாதானம் பேசுவதும், ‘வாபஸ் வாங்கு’ என்று ஆள் அனுப்புவதும் துணை நிற்பது ஆகாது. அது இன்னொரு குற்றம்.

ராஞ்சி மருத்துவக் கல்லூரியில் மாணவிகள் விடுதிக்குள் புகுந்த மாணவர்கள் நீக்கப்பட்ட வழக்கில், 1973-ல் உச்ச நீதிமன்றம் கல்லூரியின் பக்கமே நின்றது. மாணவிகளின் பெயரை மறைத்துத் தனியே வாக்குமூலம் வாங்கியது தவறில்லை, குறுக்கு விசாரணை கட்டாயமில்லை என்றது. ஆனால் அங்கேயும் குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட்டது, விளக்கம் கேட்கப்பட்டது. குற்றவாளிக்கும் அந்த அளவு உரிமை உண்டு.

தப்பு செய்திருந்தால் செய்த அளவுக்கு ஒப்புக்கொண்டு, செய்யாததை மறுத்து, இது முதல் தடவை என்றால் அதையும் சொல்லி, தண்டனையைக் குறைக்கக் கேட்பதே நேர்மையான வழி. எல்லாவற்றையும் மறுப்பவனைக் குழு நம்பாது. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்பவனுக்கு மேல்முறையீடு மிஞ்சாது.

கல்லூரி தன் விதிகளையே மீறி நடவடிக்கை எடுத்தாலோ, சான்றிதழ்களைத் தராமல் பிடித்து வைத்தாலோ, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிகளின்படி மாணவர் குறைதீர்க் குழுவுக்கு எழுதலாம். நேரில் போகலாம், பிரதிநிதியையும் அனுப்பலாம். 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. வழக்கு வரை போனால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே உதவி இலவசம்.

இவை எல்லாவற்றுக்கும் காரணம் எழுதிய உத்தரவு கையில் வேண்டும். ‘ஒரு வருஷம் வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க’ என்று வாய்வார்த்தையோடு ஊர் திரும்பினால், அடுத்து யாரிடமும் எதையும் நீட்ட முடியாது. தண்டனையே கிடைத்தாலும் அதை எழுத்தில் வாங்காமல் கல்லூரி வாசலைத் தாண்டாதீர்கள்.