எது கரைகிறது?

விநாயகர் சதுர்த்தி முடிந்ததும் பூஜை செய்த பிள்ளையாரைக் கிணற்றிலோ குளத்திலோ கரைப்பது நம் வழக்கம். கை உடைந்த கொலு பொம்மை, மங்கிப்போன சுவாமி படம், காய்ந்த மாலை ஆகியவற்றையும் குப்பையில் போட மனம் வராமல் ஆற்றில் விட்டுவிடுகிறோம். நீரில் விட்டால் கரைந்துவிடும் என்று எண்ணுகிறோம். உண்மையில் எவை கரைகின்றன? சற்று ஆராய்வோம், மாணவர்களே.

ஒரு சோதனை

களிமண்ணைப் பிசைந்து எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டை செய்து, ஒரு வாரம் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு அதே மண்ணில் ஈரமாக இன்னோர் உருண்டை செய்யுங்கள். மூன்று கண்ணாடித் தம்ளர்களில் நீர் எடுத்து, ஒன்றில் காய்ந்த உருண்டையையும், மற்றொன்றில் ஈர உருண்டையையும், மூன்றாவதில் ஒரு சாக்குக்கட்டியையும் போடுங்கள். எது முதலில் கரையும்?

ஈர உருண்டை என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் காய்ந்த உருண்டையே குமிழி விட்டு, பொலபொலவென்று முதலில் உதிரும்! அதன் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெயை ஏற்றும் அதே நுண்புழை விசை, நீரை அத்துளைகளுக்குள் இழுக்கிறது. உள்ளே அகப்பட்ட காற்று நெருக்கப்பட்டு, மண் துகள்களைத் தள்ளிப் பிரிக்கிறது. ஈர உருண்டையின் துளைகளில் ஏற்கெனவே நீர் நிரம்பியிருப்பதால் அங்கே இந்த வேகம் இல்லை.

களிமண் துகள்கள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியவை. அவை சர்க்கரையைப் போலக் கரைவதில்லை. பிரிந்து நீரில் மிதந்து, பின்னர் அடியில் படிகின்றன. சிலை மீண்டும் மண்ணாகிவிடுகிறது.

அதே மண்ணைச் சூளையில் சுட்டால் கதை வேறு. மண்ணின் கனிமங்களோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறி, துகள்கள் ஒன்றோடொன்று இறுகிவிடும். கீழடியில் கிடைத்த பானை ஓடுகள் 2,000 ஆண்டுகளுக்கு மேலாகியும் கரையாதிருப்பது இதனால்தான். சுட்ட கொலு பொம்மையும் அப்படியே.

பாரிஸ் சாந்து

இனி மூன்றாவது தம்ளரைப் பாருங்கள். சாக்குக்கட்டி அப்படியே கிடக்கும். நம் பள்ளிகளில் பயன்படும் சாக்குக்கட்டி பெரும்பாலும் பாரிஸ் சாந்தில் வார்த்ததுதான். ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, அதில் பிணைந்துள்ள நீரில் முக்கால் பங்கை நீக்கினால் கிடைப்பது பாரிஸ் சாந்து. நீர் விட்டுக் குழைத்தால் அது மறுபடி ஜிப்சமாகி, ஊசி போன்ற படிகங்கள் பின்னிக்கொண்டு கெட்டியாகிறது.

ஒரு லிட்டர் நீரில் சுமார் இரண்டரை கிராம் ஜிப்சம்தான் கரையும். ஒரு கிலோ எடையுள்ள சிலைக்குக் குறைந்தது 400 லிட்டர் நீர் வேண்டும். தேங்கிய நீரிலோ சிலையைச் சுற்றியுள்ள நீர் விரைவில் தெவிட்டிய கரைசலாகிவிடும். அதன்பின் கரைவது மிக மெதுவாகவே நடக்கும். வேதியியல் கணக்கில் ஜிப்சம் கரையும் பொருள், களிமண் கரையாத பொருள். குளத்தில் நாம் காண்பதோ நேர்மாறு!

நேற்று கைகூப்பி வணங்கிய உருவம், இன்று துதிக்கை வேறு கை வேறாகக் கரையில் ஒதுங்கிக் கிடப்பது யாருக்குமே மனவருத்தம் தரும். ஈயம், குரோமியம் கலந்த வண்ணங்கள் பூசியிருந்தால் அவை நீரிலும் மீனிலும் சேரும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010இல் வெளியிட்டு 2020இல் திருத்திய நெறிமுறைகள், பாரிஸ் சாந்துச் சிலைகளைத் தவிர்க்கச் சொல்கின்றன.

என்ன செய்யலாம்?

புனர்பூஜை செய்து பிள்ளையாரைச் சற்று வடக்கே நகர்த்தி, விடைகொடுத்த பின்பே கரைப்பது மரபு. வண்ணம் பூசாத களிமண் பிள்ளையாரை வீட்டிலேயே ஒரு வாளி நீரில் கரைத்து, அந்த நீரைச் செடிக்கு ஊற்றலாம். காய்ந்த பூவையும் வில்வத்தையும், நாரையும் நூலையும் நீக்கி, எருக்குழியில் இடலாம். உடைந்த பித்தளை விளக்கைப் பாத்திரக்காரரிடம் கொடுத்தால், உருகி மறுபடி விளக்காகலாம். படத்தின் கண்ணாடி, சட்டம், காகிதம் மூன்றையும் தனித்தனியே பிரிக்க வேண்டும்; பிளாஸ்டிக் பூச்சுள்ள படத்தை எரிக்கக் கூடாது. சுட்ட பொம்மையை ஒட்டி, வண்ணம் தீட்டி மீண்டும் கொலுவில் வைக்கலாம்.

பாரிஸ் சாந்துச் சிலைக்கும் வழி உண்டு. புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் காட்டிய முறைப்படி அதை அம்மோனியம் பைகார்பனேட் கரைசலில் இட்டால், உரமாகப் பயன்படும் அம்மோனியம் சல்பேட்டும், அடியில் படியும் கால்சியம் கார்பனேட்டும் கிடைக்கின்றன. ஆனால் அதற்குத் தொட்டியும் மேற்பார்வையும் வேண்டும். ஆகவே அடுத்த சதுர்த்திக்குச் சிலை வாங்கும்போது, "இது எதனால் செய்தது?" என்று முதலில் கேளுங்கள்.