குளவி கொட்டினால் புழு குளவியாகுமா?

“குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்” என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. மண்கூட்டுக்குள் புழு போவதையும், சில நாட்களின் பின் அதிலிருந்து குளவி வெளிவருவதையும் கண்டவர்கள் அப்படி எண்ணியதில் வியப்பில்லை. உண்மையில் புழு குளவியாவதில்லை. தாய்க்குளவி கொட்டி அசையாமற் செய்து வைத்த அப்புழு, குளவிக்குஞ்சுக்கு உணவாகிறது.

கூடு கட்டாத குளவிகளும் உண்டு. அவற்றுள் பல வேறொரு பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடுகின்றன. குஞ்சு உள்ளிருந்து தின்று வளர, அப்பூச்சி இறந்துவிடும். இவையே ஒட்டுண்ணிக் குளவிகள். பெரும்பாலானவை மிகச் சிறியவை, மனிதரைக் கொட்டுவதில்லை.

இவற்றின் பயனை நம் நாடு நன்கறியும். 1930களில் தேயிலைக் கொழுந்தைச் சுருட்டித் தின்ற புழுவை அடக்க, ஜாவாவிலிருந்து ஒரு குளவியினம் கொண்டுவரப்பட்டது. 2008இல் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி இலங்கையில் பரவியது. மாப் பூசியதுபோல் இலையிலும் காயிலும் அப்பிச் சாறுறிஞ்சும் இப்பூச்சி, பப்பாசியோடு மரவள்ளி, செவ்வரத்தை என்பவற்றையும் தாக்கியது. அதே ஆண்டில் தமிழ்நாட்டிலும் காணப்பட்டு, மல்பெரியையும் தேக்கு மரங்களையும்கூட விட்டுவைக்கவில்லை. அதன் மெழுகுப் போர்வையை மருந்து எளிதில் ஊடுருவவில்லை.

இப்பூச்சியின் தாயகம் மெக்சிக்கோ. அங்கே இயற்கை எதிரிகள் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தன. இங்கே அவை இல்லை. ஆகவே புவேர்ட்டோ ரிக்கோவில் வளர்க்கப்பட்ட ‘அசெரோபாகஸ் பப்பாயே’ என்ற குளவி, 2009இல் இலங்கையிலும் 2010இல் தமிழ்நாட்டிலும் விடப்பட்டது. ஒரு மில்லிமீற்றர் நீளமும் இல்லாத அக்குளவி பூச்சியைத் தேடிச்சென்று முட்டையிட்டுப் பெருகியது. பூச்சியின் தொகை வெகுவாகக் குறைந்தது. பூச்சி முற்றாக அழியவில்லை. அழிந்தால் குளவிக்கும் உணவிராது. இரண்டும் சமநிலையில் வாழ்வதே இம்முறையின் இயல்பு.

யாழ்ப்பாணத்தவர்க்கு இதில் தனி அக்கறை வேண்டும். நமக்கு வற்றாத ஆறில்லை, பெரும்பாலும் கிணறே கதி. நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக்கல், மேலே விழுவதை எளிதில் கீழே கசியவிடும். தோட்டத்தில் தெளிக்கும் நஞ்சு நாம் குடிக்கும் நீரிலும் சேரலாம். அதே நஞ்சு பூச்சிக்கு முன்னரே குளவியைக் கொன்றுவிடுவதும் உண்டு. காவலன் போனபின் பூச்சி இன்னும் அதிகமாகப் பெருகும்.

ஆகவே பப்பாசியில் வெள்ளை படிந்தால் உடனே மருந்தடிக்க வேண்டாம். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். வெண்மூட்டுப்பூச்சியின் இனிப்பு நீருக்காக வரும் எறும்புகள் குளவிகளை விரட்டும். அவை மரத்தில் ஏறாமற் தடுங்கள். பூச்சிகளிடையே உப்பிக் காய்ந்த பழுப்புநிறக் கூடுகள் தெரிந்தால், அந்த இலையை எரிக்காதீர்கள். அவற்றுள் அடுத்த தலைமுறைக் குளவிகள் வளர்கின்றன.