உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள்

அப்பாவோட பழைய சைக்கிள் ஹேண்டில்பாருக்குக் குரோம் பிளேட்டிங் போட்டு வாங்கி மூணு மாசம்கூட ஆகவில்லை. பிடிக்குப் பக்கத்தில் செதில் செதிலாக உரிய ஆரம்பித்துவிட்டது. "குரோமைக் கம்மியா போட்டு ஏமாத்திட்டாங்க" என்றுதான் முதலில் நினைத்தேன். நினைத்தது தப்பு.

பளபளவென்று தெரிகிற குரோம் பொதுவாக அரை மைக்ரானைத் தாண்டாது. துருவைத் தடுப்பது அதற்கு அடியில் 10 முதல் 30 மைக்ரான் வரை இருக்கும் நிக்கல்தான். அந்த நிக்கலுக்கு அடியில் பிடிப்பு இல்லையென்றால், எவ்வளவு தடிமனாகப் போட்டாலும் மொத்தமாக உரிந்துவிடும்.

புரோகிராம் விழுந்தால் நாங்கள் முதலில் லாக் பார்ப்போம். இங்கே உரிந்த துண்டுதான் லாக். உரிந்த இடத்தில் வெறும் இரும்பு தெரிந்தால், பெரும்பாலும் கோளாறு பிளேட்டிங் தொட்டிக்கு முன்னாலேயே நடந்திருக்கும்: சரியாகக் கழுவவில்லை, இல்லை ஆசிடில் சரியாக முக்கவில்லை. நிக்கலிலிருந்து நிக்கலே பிரிந்திருந்தால், நடுவில் கரண்ட் விட்டுப் போயிருக்கலாம். அந்த இடைவெளியில் நிக்கல் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உண்டாகிவிடும், அடுத்து படிவது ஒட்டாது. பொருளைத் தொங்கவிடும் கொக்கி லூசாக இருந்தாலும் இதே கதைதான். துண்டை வளைத்ததும் அப்பளம் மாதிரி நொறுங்கினால், பளபளப்புக்கு ஊற்றும் பிரைட்னர் அதிகமா, கரைசலில் எண்ணெய்க் கசடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கசடு என்றால் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு வடிகட்டுவார்கள்.

(குழி குழியாக வருவது வேறு விஷயம். ஹைட்ரஜன் குமிழி ஒட்டிக்கொண்ட இடத்தில் உலோகம் படியாது. கரைசலை நன்றாகக் கலக்கினாலே பாதி சரியாகும்.)

என்னுடையதில் இரும்பு தெரிந்தது. இரண்டாவதாகப் போன பட்டறையில் மாஸ்டர் ஒரு சோதனை காட்டினார். கழுவின பைப்பைத் தூக்கிப் பிடித்து, "தண்ணி முத்து முத்தா நின்னா எண்ணெய் இருக்குங்க சார். ஒரே படலமா வழியணும்" என்றார். அரை நிமிடம் பார்த்தால் போதும். ஆனால் இதிலும் ஏமாற வாய்ப்புண்டு. சோப்பு மிச்சமிருந்தால், எண்ணெய் மேலேயே தண்ணீர் அழகாகப் பரவும். அதனால் நீர்த்த ஆசிடில் முக்கி, அலசிவிட்டுத்தான் அவர் பார்க்கிறார்.

சீட் ஸ்பிரிங்கையும் நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். கெட்டிப்படுத்திய எஃகு, ஆசிடிலும் பிளேட்டிங்கிலும் ஹைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே எந்தக் குறையும் தெரியாது. சில நாள் கழித்து, பாரம் ஏறியிருக்கும்போது பட்டென்று ஒடியும். இதைத் தடுக்க, பிளேட்டிங் முடிந்த சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுட வைக்க வேண்டும். அவரிடம் அதற்கான அடுப்பு இல்லை.

ஸ்பிரிங்குக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டேன். ஹேண்டில்பார் இன்னும் உரியவில்லை.