பொருட்காட்சிக் கடைக்கு எடை குறைந்த தடுப்புச் சுவர்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

திருவிழாவில் கடை போடுவது நம் சிங்கம்புணரி வணிகர்களுக்குப் புதிதல்ல. வைகாசியில் சேவுகப்பெருமாள் அய்யனார் கோவில் திருவிழா என்றால் நாலு மூங்கில், இரண்டு தட்டி, மேலே ஒரு தார்ப்பாய், கட்டுவதற்கு நம் ஊர்க் கயிறு; ஒரு மணி நேரத்தில் கடை எழும்பிவிடும். ஆனால் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலோ, கோவை கொடிசியா வளாகத்திலோ, மதுரை தமுக்கத்திலோ கடை எடுக்கும்போது இந்த வித்தை எடுபடாது. அங்கே தரையில் குழி தோண்டக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. திறப்புக்கு முதல் நாள்தான் பெரும்பாலும் இடத்தை ஒப்படைப்பார்கள். கடைசி நாள் இரவே காலி செய்யச் சொல்வார்கள். ஆகவே தூக்கிப் போகக்கூடிய, ஆணி இல்லாமல் பொருத்தக்கூடிய, திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய தடுப்புச் சுவர் வேண்டியிருக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பது பற்றி நாம் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் நினைக்கலாம். செக்கு எண்ணெய், மசாலாப் பொடி, கடலை மிட்டாய், கயிறு, கால்மிதி என்று சொந்தப் பெயரில் சரக்குப் போடுகிறவர்கள் நம் வட்டாரத்தில் பெருகி வருகிறார்கள். அவர்களுக்கு வெளியூர் ஏஜென்டும் விநியோகஸ்தரும் கிடைக்கும் இடம் பொருட்காட்சிதான். பெரிய கம்பெனிகளும் பேரங்காடிகளும் ஆன்லைன் வியாபாரமும் நம் கல்லாவைக் குறைத்துவரும் நாளில் அந்த மூன்று நாட்களை வீணாக்க முடியாது. இடத்து வாடகை, தங்கும் செலவு, ஆள் கூலி எல்லாம் கட்டிவிட்டு, வெறும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொரு பொருட்காட்சியிலும் பார்க்கிறோம். அவர்கள் கடையைத் தாண்டிக் கூட்டம் போய்க்கொண்டே இருக்கிறது.

முதலில், நடத்துபவர்கள் என்ன தருகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சிறிய கடை என்றால் பெரும்பாலும் 3 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 9 சதுர மீட்டர். பின்பக்கமும் இரு பக்கமும் தடுப்பு. முன்பக்கம் மேலே கடைப் பெயர் எழுதும் பட்டை. இதை 'பேசியா' என்பார்கள். இந்தத் தடுப்பை நம் ஒப்பந்தக்காரர்கள் 'ஆக்டனார்ம்' என்கிறார்கள். அது 1969இல் தொடங்கப்பட்ட ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெயர். இன்று எந்தக் கம்பெனி செய்தாலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எண்கோண வடிவ அலுமினியக் கம்பம், அதன் எட்டுப் பக்கங்களிலும் நீளவாக்கில் பள்ளம். பள்ளத்தில் குறுக்குச் சட்டத்தின் நுனியைச் செருகி ஒரு சாவியால் திருகினால் உள்ளிருக்கும் பூட்டு பிடித்துக்கொள்ளும். மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், நடுவே பலகை. எட்டுப் பள்ளம் இருப்பதால் 90 பாகையிலும் 45 பாகையிலும் சுவரைத் திருப்பலாம். அதன் சூட்சுமம் அவ்வளவுதான்.

உதிரிகளாகச் செய்து, கொண்டுபோய்ப் பூட்டி, பிறகு கழற்றிக் கொண்டுபோவது இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். 1851இல் லண்டன் ஹைடு பூங்காவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு ஜோசப் பாக்ஸ்டன் இரும்புச் சட்டமும் கண்ணாடியும் கொண்டு சுமார் 1,850 அடி நீளக் கட்டடத்தையே ஓராண்டுக்குள் எழுப்பினார். காட்சி முடிந்ததும் அதைக் கழற்றி சிடன்ஹாம் என்ற இடத்தில் மறுபடி நிறுத்தினார்கள். நம் பக்கத்திலும் முன்னுதாரணம் உண்டு. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் நகரத்தார் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல மார்க்காக்கள் தொழில் செய்தார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேஜை, தனக்கென்று அளந்த இடம். சுவர் இல்லாத ஸ்டால் என்று அதைச் சொல்லலாம். அவர்களுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை, நமக்குத் தேவைப்படுகிறது.

இனி, பணம் அதிகம் வீணாகும் இடத்துக்கு வருவோம். பொருட்காட்சிக்காரர் மீட்டரில் பேசுகிறார். நம் பிளக்ஸ் கடைக்காரர் அடியில் பேசுகிறார். 3 மீட்டர் என்பது 10 அடி அல்ல, 9 அடி 10 அங்குலம். ஒரு மீட்டர் பலகை என்றால் கம்பமும் சட்டமும் மறைத்தது போக வெளியே தெரிவது ஏறக்குறைய 95 சென்டிமீட்டர்தான். உயரம் இரண்டரை மீட்டர் என்பார்கள். சட்டம் போக 7 அடி 9 அங்குல அளவே மிஞ்சும். 8 அடி உயரத்துக்குப் பிளக்ஸ் அடித்துக்கொண்டு போனால் கீழே மடக்கி ஒட்ட வேண்டியதுதான். போன் நம்பர் பெரும்பாலும் அந்த மடிப்பில்தான் போய்விடும். பதிவு செய்யும்போதே 'வெளியே தெரியும் அளவு என்ன' என்று மில்லிமீட்டரில் எழுதி வாங்கி, அதை அப்படியே அச்சடிப்பவரிடம் கொடுப்பது நல்லது. ஒவ்வொரு ஒப்பந்தக்காரரின் பலகையும் சிறிது மாறும்.

அந்தப் பலகை அவருடையது. ஆணி, ஸ்டேப்பிளர் பின், பசை மூன்றும் ஆகாது. துளை போட்டால் அபராதம் என்று விதிமுறைத் தாளிலேயே இருக்கும். கழற்றும்போது சுவடு விடாத இரட்டைப்பக்க டேப் வாங்கிக்கொள்ளலாம். அதைவிட, மேல் சட்டத்தில் மாட்டும் கொக்கியும் மெல்லிய சங்கிலியும் மேல். தட்டு பொருத்தவும் கம்பத்தின் பள்ளத்தில் செருகும் தாங்கிகளை வாடகைக்குத் தருவார்கள். ஆனால் தட்டில் என்ன வைக்கலாம் என்பதில் கவனம் வேண்டும். அப்பளக் கட்டும் மசாலாப் பாக்கெட்டும் வைக்கலாம். எண்ணெய் டின்னையும் கயிற்றுச் சுருளையும் தரையில் வைப்பதே முறை. பலகை 4 மில்லிமீட்டர் கனம்தான். அது பார்வைக்குச் சுவரே தவிர சுமை தாங்கும் சுவர் அல்ல.

நாமே சொந்தமாக வாங்குவதானால் எதை வாங்குவது? மிக எளியது சுருட்டி நிறுத்தும் ஸ்டாண்டி. 3 அடி அகலம், 6 அடி உயரம் வழக்கமான அளவு. பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடலாம். மூன்றை நெருக்கி நிறுத்தினால் 9 அடிச் சுவர்போலவே தெரியும். 3 மீட்டர் கடையின் பின்பக்கத்துக்கு அதுவே போதும். குறை என்னவென்றால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒருநாள் தளர்ந்து, படம் சுருளாமல் நின்றுவிடும். விலை மலிவானதில் இது சீக்கிரம் நடக்கும். வாங்கும்போது பத்து முறை இழுத்து விட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அடுத்தது 'பாப்-அப்' என்னும் மடக்குச் சட்டம். குடைக் கம்பிபோலக் குறுக்கு நெடுக்காகப் பின்னியது. இழுத்தால் விரியும், தள்ளினால் சுருங்கும். அதன் மேல் காந்தப் பட்டையால் படங்கள் ஒட்டிக்கொள்ளும். பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் மூட்டு ஒன்று உடைந்தால் முழுச் சட்டமும் கோணிக்கொள்ளும். நம் பக்கத்தில் பழுது பார்க்க ஆள் கிடைப்பது அரிது. ஆகவே மாற்று மூட்டுகளையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது பெரிய கம்பெனிகள் அதிகம் விரும்புவது அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி. துணியின் ஓரத்தில் ரப்பர் போன்ற ஒரு பட்டை தைத்திருக்கும். அதைச் சட்டத்தின் பள்ளத்தில் விரலால் அழுத்திச் செருகினால் துணி மத்தளத்தோல்போல விறைத்து நிற்கும். சட்டம் ஒருமுறைச் செலவு. அடுத்த ஆண்டு சரக்கு மாறினால் துணியை மட்டும் புதிதாக அச்சடித்தால் போதும். துணியை மடித்துப் பெட்டியில் வைக்கலாம். பிளக்ஸ்போல மடிப்பு விழுந்து வெடிக்காது. முதல் செலவு கூடுதல் என்றாலும், சிறு வணிகர்கள் கூடி வாங்குவதற்கு இதுவே ஏற்றது என்பது நம் கருத்து. சன்பேக் அட்டையும் சன்போர்டும் ஒரு காட்சிக்கு மட்டும் உதவும். மூலை நசுங்கிய அட்டையை மறுமுறை வைத்தால் சரக்கின் மதிப்பும் சேர்ந்து குறையும்.

எதை வாங்கினாலும் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். நேர்கோட்டில் நிற்கும் மெல்லிய சுவர் தானாக நிற்காது. ஒரு முனையையாவது மடக்கி 'ட' எழுத்துப்போல நிறுத்த வேண்டும், அல்லது பின்னால் கால் கொடுக்க வேண்டும். கூடத்துக்குள் கூட்டத்தின் இடிதான் பயம். திறந்த வெளியில் காற்று. மே 5 வணிகர் தின மாநாட்டுத் திடல் போன்ற இடங்களில் கோடை மழைக்கு முன் ஒரு காற்று அடிக்குமே, அதற்கு 3 அடிக்கு 6 அடி ஸ்டாண்டி பாய்மரம்போல. ஒரு திடலில் அப்படி விழுந்த ஸ்டாண்டி பக்கத்துக் கடையின் எண்ணெய்ப் பாட்டில்களை வரிசையாகத் தட்டிவிட்டதைப் பார்த்திருக்கிறோம். திறந்த வெளிக்குத் தண்ணீரோ மணலோ நிரப்பும் அடிப்பாகம் கொண்டதே வேண்டும். நம்மிடம்தான் மூட்டைக்குப் பஞ்சமில்லையே. 25 கிலோ மூட்டை ஒன்றைக் காலில் வைத்துக் கட்டினாலும் போதும்.

எடை குறைவு என்பதன் லாபம் கூலியில் தெரியும். அலுமினியம் இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 8 அடிக்கு 4 அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றே 30 கிலோவுக்கு மேல் வரும். தூக்க இருவர் வேண்டும். ஆனால் எடையை மட்டும் கேட்டுவிட்டு நீளத்தைக் கேட்க மறக்கக் கூடாது. குட்டியானை வண்டியின் தொட்டி சுமார் 7 அடி நீளம். இரண்டரை மீட்டர்க் கம்பம் 8 அடிக்கு மேல். ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் இணைக்கும்படி இரண்டு துண்டாக வரும் சட்டம் என்றால் அந்தத் தொல்லை இல்லை, பஸ் பார்சலிலும் ஏறும்.

தீ பற்றியும் சொல்லியாக வேண்டும். 1995 டிசம்பரில் அரியானா மாநிலம் டப்வாலியில் பள்ளி விழாப் பந்தலில் பற்றிய தீயில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும் பகுதி குழந்தைகள். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோவில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெல்லிய துணியும் கீற்றும் மின்சாரமும் ஒன்று சேரும் இடத்தில் நாம் அசட்டையாக இருக்கக் கூடாது. தீ எளிதில் பற்றாதபடி பதம் செய்த துணிதானா என்று கேட்டு, பில்லில் அதை எழுதச் சொல்லுங்கள். வெட்டு மிஞ்சிய ஒரு துண்டை வாங்கி, வெட்டவெளியில் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். குச்சியை எடுத்ததும் தானே அணைந்தால் சரி. உருகிச் சொட்டி எரிந்துகொண்டே போனால் வேண்டாம். பழைய ஆலசன் விளக்குகளின் சூடு துணியைக் கருக்கும், எல்.இ.டி. விளக்கே போதுமானது. கயிறு, நார் வணிகம் செய்பவர்கள் சரக்கை விளக்குக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் அருகே குவிக்காதிருப்பது நல்லது.

இனிக் கணக்கு. ஓர் உதாரணத்துக்கு, அலங்காரச் சுவர் வாடகை ஒரு காட்சிக்கு 8,000 ரூபாய், சொந்தமாக வாங்கினால் 40,000 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து காட்சியில் போட்ட முதல் வந்துவிடும் என்று விற்பவர் சொல்வார். வாடகைச் சுவரை ஒப்பந்தக்காரரே கொண்டுவந்து நிறுத்துகிறார். நம் சுவரை நாம்தான் கொண்டுபோக வேண்டும். வண்டிக்கும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலிக்கும் 3,000 என்றால் மிச்சம் 5,000தான். முதல் திரும்ப எட்டுக் காட்சி ஆகும். ஆண்டுக்கு இரண்டு காட்சிக்குப் போகிறவருக்கு நாலு வருஷம்; அதற்குள் சட்டம் தேய்ந்துவிடும். அவர் வாடகைக்கு எடுப்பதே சரி.

ஐந்து வணிகர்கள் ஆளுக்கு 8,000 போட்டால் கணக்கு மாறுகிறது. ஆளுக்கு இரண்டு காட்சி என்றால் ஆண்டுக்குப் பத்து. முதல் ஆண்டுக்குள்ளேயே பணம் திரும்பிவிடும். சட்டம் பொது, துணி மட்டும் அவரவருடையது. ஒருமுறை எடுக்க 1,000 ரூபாய் வைத்தால் பழுதுச் செலவுக்கு ஆகும். ஒரே தேதிக்கு இருவர் கேட்டால் யாருக்கு முதலில் என்பதை வாங்குவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கிய பிறகு பேசினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். வைத்துப் பாதுகாக்கச் சங்கக் கட்டடத்தில் எலி வராத ஒரு அலமாரி போதும்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில், காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கொள்முதலில் கட்டிய வரி திரும்பக் கிடைக்காது. அதையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். வெளி மாநிலக் காட்சியில் விற்பனை செய்வதானால் அங்கே தற்காலிகப் பதிவு தேவை. முன்கூட்டியே ஆடிட்டரைக் கலந்துகொள்ளுங்கள். சுவரையும் சட்டத்தையும் விற்பனைக்கல்ல, காட்சிக்கு என்று குறித்த டெலிவரி சலானோடு அனுப்புங்கள். உணவுப் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்பு உரிம நகலைக் கடையில் தெரியும்படி மாட்ட வேண்டும். ருசி பார்க்கக் கொடுக்கப் பிளாஸ்டிக் கப் கூடாது. 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை. பாக்கு மட்டையோ தொன்னையோ நம் சரக்குக்குப் பொருத்தமாகவும் இருக்கும்.

சுவரில் என்ன அச்சடிப்பது என்பதில் நம்மவர்களுக்கு ஆசை அதிகம். தாத்தா படம் முதல் கிளைகளின் முகவரி வரை எல்லாம் வேண்டும் என்பார்கள். கீழ் 3 அடியை மேஜையும் சரக்கும் ஆளும் மறைத்துவிடும். பெயரும் போன் நம்பரும் இடுப்புக்கு மேலே இருக்கட்டும். 10 அடி தூரத்தில் நின்று படிக்க ஓர் அங்குல எழுத்தாவது வேண்டும். எதிர் வரிசையிலிருந்து தெரிய இரண்டங்குலம். மொத்த வியாபாரிக்கு வேண்டியது என்ன சரக்கு, எந்த ஊர், குறைந்தபட்சம் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பவைதான்.

கடைசி நாள் இரவு எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். கம்பம் எத்தனை, சட்டம் எத்தனை, சாவி எத்தனை, கொக்கி எத்தனை என்று ஒரு தாளில் எழுதிப் பையின் உட்புறத்திலேயே ஒட்டிவிடுங்கள். திருகும் சாவி இரண்டு வாங்கி, ஒன்றைக் கல்லாப் பெட்டியில் வையுங்கள்.