இரண்டாம் நம்பர் டரட்

எம்டன் என்றால் நம்ம ஊரில் கில்லாடி ஆசாமி என்று அர்த்தம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் மீது குண்டு போட்டு, தமிழுக்கு ஒரு வார்த்தையைத் தந்துவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். அதன் குண்டு ஒன்று 17 கிலோ சொச்சம்.

'அயோவா' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் பெரிய குண்டு 1,225 கிலோ! எம்டன் அன்றைக்குச் சுட்ட நூற்றுச் சொச்சம் குண்டுகளையும் மூட்டை கட்டி நிறுத்தால், இதில் இரண்டுக்கு மேல் தேறாது.

அயோவா இப்போது மியூசியம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சான் பெட்ரோ துறைமுகத்தில் 2012 முதல் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறலாம். அதன் தங்கைகள் மூன்று பேரும்கூட (நியூஜெர்ஸி, மிசௌரி, விஸ்கான்ஸின்) வேறு வேறு துறைமுகங்களில் மியூசியம்தான்.

ஏறியவர்கள் முதலில் செய்கிற காரியம், பீரங்கிக்கு அடியில் நின்று போட்டோ. நானும் எடுத்துக்கொண்டேன். மொத்தம் ஒன்பது குழாய். மூன்று மூன்றாகச் சேர்த்துச் சுழலும் இரும்புக் கூண்டுக்கு டரட் என்று பெயர். குழாயின் வாய் 16 அங்குலம், நீளம் 66 அடி. குண்டு 38 கிலோமீட்டர் போய் விழும். சுடும்போது கப்பலே பக்கவாட்டில் நகர்ந்துவிடும் என்று சொல்வார்கள். ரீல்! 45,000 டன் சமாசாரம் அப்படியெல்லாம் நகராது. குழாய்தான் நாலு அடி பின்வாங்கும்.

வெளியே தெரிகிற டரட் வெறும் தொப்பி. அதற்குக் கீழே ஐந்தாறு தளம் இறங்குகிறது. ஒரு டரட்டுக்கு எழுபது, எண்பது பேர் வேண்டும். குண்டு மேலே வரும். பின்னால் மருந்துப் பைகள், பை ஒன்று 50 கிலோ, முழுச் சுடலுக்கு ஆறு பை. பை என்ன துணி தெரியுமோ? பட்டு! (காஞ்சிபுரம் இல்லை.) பட்டுதான் கனல் மிச்சம் வைக்காமல் எரியுமாம். குழாய்க்குள் கனல் இருந்தால் அடுத்த பை உள்ளே போகும்போதே கதை முடிந்தது.

குண்டை வேகமாக உள்ளே தள்ள வேண்டும், மருந்தை மெதுவாக. இரண்டுக்கும் தள்ளுகோல் ஒன்றே. நெம்புகோலைப் பிடித்திருப்பவனின் கை நிதானம்தான் எல்லாம்.

1989 ஏப்ரல் 19. போர்ட்டோ ரிக்கோ பக்கம் பயிற்சி. இரண்டாம் நம்பர் டரட்டின் நடுக்குழாயில் மருந்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, கதவு மூடுவதற்கு முன்பே வெடித்துவிட்டது. 47 பேர் போனார்கள். எல்லாம் உங்கள், என் வயசுப் பையன்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விசாரித்த கடற்படை, செத்துப்போன ஒரு மாலுமி வேண்டுமென்றே வெடிக்க வைத்திருக்கலாம் என்று எழுதி ஃபைலை மூடியது. இன்ஷூரன்ஸில் நண்பன் ஒருவனை நாமினியாகப் போட்டிருந்தானாம், அது ஒரு சந்தேகம்! எந்த ஆபீசிலும் தப்பு நடந்தால் அன்றைக்கு லீவில் இருப்பவன் தலையில்தானே கட்டுவார்கள்? இவன் திரும்பியே வர முடியாத லீவில் இருந்தான்.

குடும்பத்தார் விடவில்லை. அமெரிக்கப் பாராளுமன்றம் கேள்வி கேட்டது. சான்டியா ஆய்வகத்து ஆட்கள், மருந்தை அளவுக்கு மீறி வேகமாகத் தள்ளி நசுக்கினாலே வெடிக்கலாம் என்றார்கள். கடற்படையே 1990 மே மாதம் பைகளை அடுக்கி, கனத்தோடு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தது. 17 தடவை ஒன்றும் ஆகவில்லை. 18-வது தடவை, டமால்.

1991 அக்டோபரில் கடற்படைத் தலைவர் அட்மிரல் கெல்ஸோ, அந்த மாலுமியின் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். அவன் வேண்டுமென்றே செய்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை, காரணம் இன்னதென்றும் தெரியவில்லை என்றார். தள்ளுகோல்தான் என்று ஒப்புக்கொள்ள அப்போதும் மனசு வரவில்லை.

1990 அக்டோபரிலேயே கப்பலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் நம்பர் டரட் அதற்கு அப்புறம் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.